அத்தை போகவிட்ட வாக்கியம்

அத்தையிடம் யாரும் ஒரு வாக்கியத்தைச் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர், "இந்த வருசம் மழை நல்லாப் பெய்யும்" என்று பேச்சுக் கொடுப்பதற்காகச் சொல்லியிருப்பார். அத்தை மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு அவர் பக்கம் திரும்புவாள். "எவ்வளவு பேஞ்சா நல்ல மழை? என்ன நடந்தா நீங்க சொன்னது பொய்னு ஒத்துக்குவீங்க?" என்பாள். அவர் பாவம், அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்துகொள்வார்.

அவள் அப்பாவின் அக்கா. போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட நூல் புடவை, தோளில் ஒரு ஜோல்னாப் பை. பைக்குள் ஒரு காந்தமும் ஒரு தெர்மாமீட்டரும் கொஞ்சம் பஞ்சும் எப்போதும் இருக்கும். அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. துக்கத்துக்கு வந்த ஒருவர், "டீச்சரம்மா மாதிரி ஒரு ஆத்மா இனிமே பொறக்காது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது, என்னை அறியாமல் அத்தை கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்து அவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவாளோ என்று ஒரு நொடி பயமாக இருந்தது.

"உலகத்துல உள்ள எல்லாப் பேச்சையும் மூணு பெட்டிக்குள்ள போட்டுறலாம்" என்பாள். "மெய், பொய், தெரியாது. இந்த மூணுலயும் போட முடியலைன்னா அது பேச்சே இல்ல, வெறும் சத்தம்." குடும்ப வாட்சப் குழுவில் யார் எதை அனுப்பினாலும், வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் சர்க்கரை வியாதி போகும் என்றாலும், இன்று ராத்திரி செவ்வாய்க் கிரகம் நிலா அளவுக்குப் பெரிதாகத் தெரியும் என்றாலும், கீழே அத்தையின் ஒற்றைச் சொல் பதில் வந்துவிடும். பெரும்பாலும் 'பொய்'. எப்போதாவது 'தெரியாது'. கடைசியில் அத்தை இல்லாத இன்னொரு குழுவை ஆரம்பித்து எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். பழைய குழுவில் அத்தையும் அப்பாவும் மட்டும் மிச்சம். அப்பா தினமும் அவளுக்குக் காலை வணக்கம் அனுப்புவார்.

கடைத்தெருவில் ஏலக்காய் வாங்கப் போனாலும் இதே கதைதான். நல்ல பச்சை இருந்தால் விலை கூடும் என்பதால் சிலர் காய்க்குச் சாயம் ஏற்றுவது உண்டு. அத்தை பையிலிருந்து பஞ்சை எடுத்து நனைத்து, ஒரு காயை எடுத்துத் தேய்த்துப் பார்ப்பாள். பஞ்சு வெள்ளையாகவே இருக்கும். கடைக்காரர் நிமிர்ந்து நின்று, "பாத்தீங்களா டீச்சர், நம்ம சரக்கு சுத்தமான சரக்கு" என்பார். "இந்த ஒரு காயில சாயம் இல்ல. மூட்டையில இருக்குற மத்த காயப் பத்தி எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நூறு கிராம் வாங்குவாள். கடைக்காரர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. கொடுத்த நற்சான்றிதழை அவர் கையில் இருக்கும்போதே திரும்பப் பறித்துக்கொள்வதில் அத்தைக்கு ஈடு இணை கிடையாது.

இந்தக் குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்பா ஒருமுறை சொன்னார். அத்தைக்குக் கல்யாணம் பேசியபோது ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுப் பத்துப் பொருத்தமும் இருக்கிறது, தீர்க்க சுமங்கலியாக இருப்பாள் என்று சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் முடிவதற்குள், போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப் கவிழ்ந்து மாமா இறந்துபோனார். காரியம் முடிந்ததும் அத்தை நேராக ஜோசியர் வீட்டுக்குப் போய் நின்றாளாம். அவர் அசையவில்லை. "கட்டம் தப்பாப் போகாது தாயி. பொறந்த நேரத்தை உங்க வீட்டுல தப்பாக் குறிச்சிருக்காங்க" என்றாராம். மாமா செத்ததற்கு அழுததைவிட அன்றைக்குத்தான் அக்கா அதிகம் அழுதாள் என்பார் அப்பா. "எது நடந்தாலும் அவங்க சொன்னது சரியாவே இருக்கும்டா தம்பி. அப்படி ஒரு பேச்சு பேச்சே இல்ல" என்றாளாம். அதற்குப் பிறகுதான் பி.எட். படித்தாள், வேலைக்குப் போனாள், உலகத்தில் உள்ள எல்லாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள். இதைக் கேட்டபோது எனக்கு அத்தை மேல் கொள்ளை ஆசை வந்தது. அது கொஞ்ச காலம் இருந்தது.

அவள் பள்ளியில் ஒரு டீச்சரின் சங்கிலி காணாமல் போன விவகாரத்தையும் சொல்ல வேண்டும். நானும் அப்போது அங்கேதான் படித்துக்கொண்டிருந்தேன். சங்கிலியைத் தொலைத்த டீச்சர், மை போட்டுப் பார்க்கும் ஒருவரைப் பள்ளிக்கே கூட்டி வந்துவிட்டார். அவர் வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்துவிட்டு, வெள்ளைச் சேலை கட்டிய, ஒரு காலைச் சாய்த்து நடக்கும் பொம்பளை தெரிகிறாள் என்றார். பள்ளியில் அப்படி நடப்பவர் சத்துணவு ஆயா ஒருவர்தான். எல்லாரும் அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள். ஆயா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வகுப்பை விட்டு வெளியே வந்த அத்தை மைக்காரர் முன்னால் தன் ஜோல்னாப் பையை வைத்தாள்.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு மையில பாத்துச் சொல்லுங்க."

அவர் மழுப்பினார். அத்தை விடவில்லை. கடைசியில் மணிபர்சு, சீப்பு, குங்குமச்சிமிழ் என்று அடுக்கினார். அத்தை பையைக் கவிழ்த்தாள். காந்தமும் தெர்மாமீட்டரும் பஞ்சும் விழுந்தன. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அந்த ஆள் வெற்றிலையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். ஆயா ஓடிவந்து அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் டீச்சரம்மா. நான் எடுக்கலைன்னு நீங்களாச்சும் சொன்னீங்களே" என்றார்.

அத்தை கையை உருவிக்கொண்டாள். "நான் அப்படிச் சொல்லல ஆயா. அந்த ஆளு சொன்னதுக்கு ஆதாரம் இல்லைன்னுதான் காட்டுனேன். அதுக்காக நீங்க எடுக்கலைன்னு ஆயிராது. ரெண்டும் வேற வேற. அது எனக்குத் தெரியாது" என்றாள்.

சொன்னது சரிதான். ஒரு எழுத்து பிசகாமல் சரி. ஆயா அன்று மதியம் சோறு பரிமாறும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. சங்கிலி கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வருடம் முடிந்ததும் ஆயா வேலையை விட்டுவிட்டு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இந்தச் சம்பவத்தை நான் இங்கே இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'ரெண்டும் வேற வேற' என்பது அத்தைக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம்.

சிலமலைப் பக்கம் எங்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது. ஒரு கோடையில் கிணறு அடியோடு வற்றிப்போனது. அப்பா வாழை போட்டிருந்தார். குலை தள்ளும் நேரத்தில் இலைகள் ஓரத்திலிருந்து கருக ஆரம்பித்தன. போர் போட்டால்தான் தோட்டம் நிற்கும். ஒரே ஒரு தடவைதான் போட முடியும் என்பதும், அதில் தண்ணீர் வராவிட்டால் தோட்டம் கையை விட்டுப் போய்விடும் என்பதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எங்கே போடுவது என்பதுதான் கேள்வி.

அப்பா ராசிங்காபுரத்திலிருந்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கை மடித்த சட்டை, அதிகம் பேசாத ஆள். உரித்த தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் முழுவதும் நடந்தார். அந்தப் பக்கத்தில் பாதிப் போர்களுக்கு அவர்தான் இடம் குறித்தவர். தென்மேற்கு மூலையில், பழைய புளியமரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் படுத்திருந்த தேங்காய் மெல்ல எழுந்து நின்றது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் தடவினார். "ரெண்டு ஊத்து கூடுற இடம். இங்க போடுங்க. மத்த இடமெல்லாம் பாறைதேன், போட்டாலும் வராது" என்றார். அப்பா அன்றைக்கே போர் வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அத்தை கல்லையும் மஞ்சளையும் பார்த்தாள்.

"தம்பி, இந்த ஆளு சொல்றது மெய்யான்னு யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"அவரு சொன்ன எடத்துல எல்லாம் தண்ணி வந்திருக்குக்கா."

"வராத எடத்தை எல்லாம் எண்ணுனியா?"

அப்பா எண்ணவில்லை. யாருமே எண்ணவில்லை. "போர் வண்டி வர்றதுக்கு முன்னாடி அதைப் பாத்துருவோம்" என்றாள். அப்பாவுக்கும் சந்தோஷம்தான். படித்த அக்கா தன் தோட்டத்து விஷயத்தில் இவ்வளவு அக்கறையாக இருக்கிறாளே என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

அத்தை அதைச் செய்த விதத்தைக் குறை சொல்ல முடியாது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நீல டிரம்களை வாங்கிவந்து வரிசையாக வைத்து, சிலவற்றில் மட்டும் தண்ணீர் ஊற்றினாள். பள்ளியிலிருந்து டீச்சர்களும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சுற்றுத் தோட்டக்காரர்கள் பாதிப் பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். முதலில் டிரம்களைத் திறந்தே வைத்தாள். தண்ணீர் இருக்கும் டிரம்மின் பக்கத்தில் போனபோதெல்லாம் நீரோட்டக்காரரின் தேங்காய் எழுந்து நின்றது. காலி டிரம் பக்கத்தில் படுத்தே கிடந்தது. கூட்டம் கைதட்டியது. பிறகு அவரைத் தூரத்தில் ரோட்டோரம் கூட்டிப்போனாள். தானும் கூடவே போய் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பி நின்றுகொண்டாள். இங்கே இரண்டு டீச்சர்கள் தண்ணீரை மாற்றி ஊற்றி, எல்லா டிரம்களையும் பலகை போட்டுச் சாக்கால் மூடினார்கள். எதில் தண்ணீர் என்று அத்தைக்கும் தெரியக்கூடாது என்பது அவள் வைத்த விதி. "எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். அவரு அதைப் பாத்துக் கண்டுபிடிச்சிருவாரு" என்றாள்.

அவர் திரும்பி வந்ததும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அண்ணே, என்ன நடந்தா நீங்க சொல்றது பொய்னு ஒத்துக்குவீங்க?"

"பாதிக்கு மேல தப்பாச்சுன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுர்றேன் டீச்சரம்மா" என்றார். அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

பாதிக்கு மேல் தப்பாகப் போனது. தண்ணீர் இருந்த டிரம்முக்குப் பக்கத்தில் தேங்காய் அசையாமல் கிடந்தது. காலி டிரம்முக்குப் பக்கத்தில் எழுந்து நின்றது. கடைசிச் சாக்கை எடுத்தபோது அவர் டிரம்முக்குள் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இத்தன வருசமா நான் ஊரை ஏமாத்திக்கிட்டா இருந்தேன்?"

"இல்லண்ணே. நீங்க பொய் சொல்லல. மனசுல இங்க இருக்கும்னு ஒண்ணு தோணுனா, கை தானா லேசா அசையும். நமக்கே தெரியாது. தேங்காய் அதைத்தான் காட்டுது" என்றாள் அத்தை. நல்லபடியாகத்தான் சொன்னாள். அவர் தேங்காயைப் பலகை மேல் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

கூட்டம் அத்தையைச் சூழ்ந்துகொண்டது. தலைமையாசிரியை ஒரு துண்டைப் போர்த்தினார். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அத்தையின் முகத்தில் நான் அதற்கு முன்னும் பார்க்காத, பின்னும் பார்க்காத ஒரு சந்தோஷம். அந்த ஜோசியர் வீட்டு வாசலில் நின்ற பெண்ணுக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நம்ம தோட்டத்துல தண்ணி இல்லைன்னு ஆயிப்போச்சுக்கா. இருக்குன்னு சொன்ன ஒரே எடமும் பொய்யாப் போச்சு. நல்ல வேளை, நீ வந்து பாத்த. போர் வண்டிய வேணாம்னு சொல்லிர்றேன்."

அத்தை சிரித்தபடி அப்பாவின் தோளைத் தட்டினாள். "முதல்ல எல்லாருக்கும் டீயச் சொல்லு தம்பி, வெயில்ல நின்னுட்டாங்க" என்றாள்.

அப்பா டீ சொல்லப் போனார். போகிற வழியிலேயே போர் வண்டிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பஸ்சில் போகிறவரின் மழையைப் பிடித்து நிறுத்தியவள், நூறு கிராம் ஏலக்காயில் ஒரு காய்க்கு மட்டும் வாக்குக் கொடுத்தவள், கையைப் பிடித்து அழுத ஆயாவிடம் ரெண்டும் வேற வேற என்று திருத்தியவள், அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் போகவிட்டாள். தேங்காய்க்குத் தெரியாது என்றால் தண்ணீர் இல்லை என்று எப்படி ஆகும்? மற்ற இடமெல்லாம் பாறை என்று சொன்னதும் அதே தேங்காய்தானே? அதை மட்டும் அப்பா எப்படி நம்பினார்? பள்ளியில் எந்தப் பிள்ளை இப்படி எழுதியிருந்தாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பாள். அன்று அவள் தோளில் துண்டு இருந்தது.

வாழை கருகியது. அப்பா வாழைக்கு வாங்கிய கடனை அடைக்கத் தோட்டத்தை விற்றார். வாங்கியவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். அவருக்குத் தேங்காயும் தெரியாது, இயற்பியலும் தெரியாது. புளியமரத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கல் கிடந்ததைப் பார்த்து, எங்கேயாவது போட வேண்டியதுதானே, இங்கேயே போடுவோம் என்று போர் போட்டார். சிலமலையிலிருந்து வந்த ஒருவர் எங்களிடம் ஓடிவந்து சொன்னார். தண்ணீர் புளியமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்ததாம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலேயே கையைக் கழுவினார்.

தோட்டத்தை விற்றதுமே நாங்கள் போடிக்கு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டிருந்தோம். புதுத் தோட்டக்காரர் நல்லவர். தோட்டம் தெரிந்த ஆள் என்று அப்பாவையே தண்ணீர் பாய்ச்சும் வேலைக்கு வைத்துக்கொண்டார். அப்பா தினமும் சைக்கிளில் போய், ஒரு காலத்தில் தனக்குச் சொந்தமாக இருந்த மண்ணுக்கு அடுத்தவர் தண்ணீரைத் திறந்துவிட்டு வருவார். வரும்போது ஒரு கேனில் குடிப்பதற்கும் அந்தப் போர்த் தண்ணீரைப் பிடித்துவருவார், எங்கள் தெருவில் குழாய் வருவது அபூர்வம் என்பதால். அம்மா ஏலக்காட்டுக்குப் போக ஆரம்பித்தாள். விடியும் முன் ஜீப்பு வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். ஒருவர் மடியில் ஒருவராகப் பெண்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறும். நாள் முழுக்கச் செடியடியில் குனிந்தும் குத்துக்காலிட்டும் காய் எடுத்துவிட்டு, அட்டை கடித்த காலோடு இருட்டும் நேரத்தில் வந்து இறங்குவாள்.

தண்ணீர் வந்த செய்தி தெரிந்த வாரம் அத்தை வந்தாள். அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"தண்ணி வந்துச்சுன்னதும் ஊரெல்லாம் அந்த ஆளு சொன்னது பலிச்சுருச்சுன்னு பேசுறாங்க. அதுல என்ன அதிசயம் இருக்கு? அந்தப் பக்கம் எங்க போட்டாலும் ஏதோ ஒரு ஆழத்துல தண்ணி வரத்தான் செய்யும். அதனாலதான் இவங்க பொழப்பே ஓடுது."

அம்மா அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி வந்திருந்தாள். தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மதினி."

அத்தை கண்ணாடியை மேலே ஏற்றினாள். "நான் எப்பவாச்சும் அங்க தண்ணி இல்லைன்னு சொன்னேனா? நல்லா யோசிச்சுச் சொல்லு. என் வாயில அந்த வார்த்தை வந்துச்சா?"

அம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "இல்ல, நீங்க சொல்லல" என்றாள்.

அப்பா இடையில் புகுந்தார். "அக்கா சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. நாந்தேன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"ஆமா தம்பி. அது நீயா எடுத்துக்கிட்டது" என்றாள் அத்தை.

தோட்டம் போனதை அம்மா மன்னித்திருப்பாள். அந்த 'ஆமா'வை மன்னிக்கவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து உட்கார்ந்ததும், கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்து அவள் முன்னால் வைத்தாள். "இது தண்ணிதானா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க மதினி. பாத்தாத்தானே தெரியும்" என்றாள். அத்தை எடுத்துக் குடித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் அத்தை ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. வருவாள், பழம் வாங்கி வருவாள், என் பரீட்சை மார்க்கைக் கேட்பாள், எங்கள் தோட்டத்துத் தண்ணீரைக் குடிப்பாள், போய்விடுவாள்.

ஒருநாள் அம்மா மலையிலிருந்து வந்து ஒரு விஷயம் சொன்னாள். பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளும் ஆளைப் பார்த்திருக்கிறாள். நீரோட்டக்காரர்தான். சொன்னபடியே தொழிலை விட்டுவிட்டார். அங்கே உள்ள மலையாளிகள் அவரைச் சேட்டா என்று கூப்பிடுகிறார்களாம். அம்மா அவரிடம் போய், "அண்ணே, நீங்க குறிச்ச எடத்துலயே தண்ணி வந்துச்சு, தெரியுமா? மறுபடி தேங்காய எடுங்க. ஊர்ல உங்களத்தேன் தேடுறாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

அவர் விறகைத் தள்ளிக்கொண்டே, "கேள்விப்பட்டேன் தாயி. ஆனா அது வந்ததுக்கும் நான் சொன்னதுக்கும் சம்பந்தம் இல்லையே. டீச்சரம்மாதான் காட்டுனாங்கல்ல" என்றாராம்.

அத்தை நிரூபித்ததை முழுசாக, சரியாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அடுப்படியில் வெந்துகொண்டிருந்தார். என்ன நடந்தால் ஒத்துக்கொள்வாய் என்று அத்தை வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரிடம் கேட்டாள். நடந்தபோது ஒத்துக்கொண்டவர் இவர் ஒருவர். அவர் பெயரைக்கூட அத்தை பிறகு ஒருநாளும் எடுத்ததில்லை.

அத்தை ரிட்டயர்டு ஆகி, முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்து நடந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் அத்தைக்கு டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தேன். ரொம்ப வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அத்தை, அன்னைக்கு டிரம் வச்சுப் பாத்த பெறகு, அப்ப நம்ம தோட்டத்துல தண்ணி இல்லைன்னு ஆயிப்போச்சுன்னு அப்பா உங்ககிட்ட வந்து சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன். அது உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா?"

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தோட்டம் இனி வராது. விழுந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவிடம் போய்ச் சொல்வேன். அம்மா அத்தைக்கு ஒரு டம்ளர் தண்ணீரைக் கோபம் இல்லாமல் கொடுப்பாள் என்று நம்பினேன்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. "கூட்டம் சத்தமா இருந்துச்சு பாப்பா. அப்படி எதுவும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள்.

"என்ன நடந்தா அதைப் பொய்னு ஒத்துக்குவீங்க?"

அவள் கையில் இருந்த டம்ளரில் தண்ணீர் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு விளிம்பைத் தாண்டி மணிக்கட்டில் வழிந்து புடவை மடியை நனைத்தது. அத்தை தன் கையைக் குனிந்து பார்த்தாள். கடைசிச் சாக்கை எடுத்த நேரத்தில் அந்த மனிதர் பார்த்த மாதிரியே பார்த்தாள். நிறுத்த முயன்றாள், கை கேட்கவில்லை.

அப்பா உள்ளே வந்தார். "என்னக்கா, கை இப்படி நடுங்குது?"

"வயசாயிருச்சுல்ல தம்பி" என்றாள் அத்தை.

அதுவும் மெய்தான். அவளுக்கு வயதாகியிருந்தது. கடைசிவரை அவள் வாயிலிருந்து ஒரு பொய்யை யாராலும் பிடிக்க முடியவில்லை.

"ஆமாக்கா, எனக்குந்தேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கேனைச் சரித்து மறுபடி நிரப்பினார். அவள் குடித்து முடிக்கும்வரை டம்ளரின் அடியைத் தன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.